எங்கள் தெருப் பக்கத்து ஏழைக் குடும்பங்களுக்கு உணவுப் பொருள் கொடுக்க நாங்களே ஒரு ஏற்பாடு தொடங்கலாமா? எதிலிருந்து தொடங்குவது?

தாராளமாகத் தொடங்கலாம். ஆனால் அரிசியிலிருந்து தொடங்காதீர்கள். மதுரையில் எங்கள் தெருவில் 2020 ஊரடங்கின்போது முப்பது வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஆரம்பித்தது இன்றும் நடக்கிறது, நாங்கள் முதலில் சறுக்கியதே அரிசியில்தான்.

உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைக்கும் பிடி அரிசி வழக்கம் நமக்குப் புதிதில்லையே, அதையே செய்தோம். ஒரு பிடி 50 கிராம் என்று வைத்தால் முப்பது வீட்டில் மாதம் 45 கிலோ. கணக்கு அழகாக இருந்தது, அரிசிதான் ஒன்றோடொன்று சேரவில்லை. ஒரு வீட்டில் பச்சரிசி, அடுத்த வீட்டில் புழுங்கல், இன்னொரு வீட்டில் இட்லி அரிசி, எல்லாம் ஒரே மூட்டையில் கலந்து போனால் பாதி குழைகிறது, பாதி வேகவே இல்லை. வாங்கிய அக்கா ஒருவர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். அவரே இன்னொன்றும் சொன்னார்: "ரேஷன்ல அரிசி கிடைக்குது தம்பி, அதுக்கு ஊத்திக்கத்தான் ஒண்ணும் இல்ல."

உண்மைதானே. தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு 2011 முதல் அரிசி இலவசம். ரேஷனில் பருப்பு ஒரு கிலோவும் பாமாயில் ஒரு லிட்டரும் மலிவாகக் கிடைக்கின்றன, ஆனால் நான்கைந்து பேர் இருக்கும் வீட்டில் அது எத்தனை நாள் வரும்? புளி, மிளகாய்த்தூள், வெங்காயம், தேயிலை, சோப்பு எல்லாம் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், கேஸ் சிலிண்டரும் அப்படித்தான். அதனால் இப்போது ஒரு வீடு எண்ணெய், ஒரு வீடு பருப்பு, ஒரு வீடு புளியும் மிளகாயும் என்று பிரித்துக்கொள்கிறோம். அரிசி கொடுப்பது அட்டையே இல்லாதவர்களுக்கு மட்டும். கணவரை விட்டு வந்த பெண்ணின் பெயர் இன்னும் அவர் அட்டையிலேயே கிடக்கும், புதிதாகக் கல்யாணமானவர்கள் பெயர் பெற்றோர் அட்டையில் இருக்கும். இவர்களுக்கு அரிசியோடு நிறுத்தாமல், இ-சேவை மையத்துக்குக் கூடவே போய்ப் புது அட்டைக்கு விண்ணப்பித்துக் கொடுங்கள்.

கல்யாண வீட்டில் மிஞ்சிய சாப்பாட்டையும் ஒரு முறை வாங்கிக் கொடுத்தோம். இரவு மிஞ்சியது, காலையில் போய்ச் சேர்ந்தபோது சாம்பார் புளித்துவிட்டது, அதை ஒரு குழந்தையின் தட்டில் பார்த்த பிறகு சமைத்த உணவை நாங்கள் தொடுவதில்லை. பந்தி முடிந்த உடனே எடுத்து, சூட்டோடு கொண்டுபோய்ச் சேர்க்க வண்டியும் ஆளும் இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

எப்போது கொடுப்பது என்பதும் முக்கியம். தீபாவளிக்கு எல்லோரும் கொடுக்கிறார்கள், ஆனால் கஷ்டமான காலம் மே மாதம். அரசுப் பள்ளியில் மதிய உணவு உண்டு, 2022 செப்டம்பரில் இதே மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தால் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டு வேளை பள்ளியிலேயே முடிந்துவிடுகிறது. கோடை விடுமுறை விட்டதும் அந்த இரண்டு வேளையும் வீட்டுச் செலவில் வந்து விழும், வெயிலில் கட்டட வேலையும் குறையும். அதனால் ஏப்ரல் கடைசியில் நாங்கள் இரண்டு பங்கு கொடுக்கிறோம், முட்டையும் சேர்த்து.

யாருக்குத் தேவை என்று வீடு வீடாகப் போய் விசாரிக்காதீர்கள், அது கேட்கிறவரையும் கூசவைக்கும், சொல்கிறவரையும் கூசவைக்கும். மளிகைக் கடை அண்ணாச்சிக்குத் தெரியும். பத்து ரூபாய்க்கு எண்ணெய் வாங்குகிறவர் யார், கடன் நோட்டு நீண்டுகொண்டே போவதால் கடைப் பக்கம் வரவே கூச்சப்படுகிறவர் யார் என்று அவரைவிட யார் சொல்ல முடியும்?

அப்புறம், தயவுசெய்து புகைப்படம் வேண்டாம். முதல் மாதம் நாங்கள் எடுத்தோம். பையை வாங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒரு அம்மா அடுத்த மாதம் வரவில்லை, அவருக்கு அந்தப் பை எவ்வளவு தேவை என்பது எங்களுக்குத் தெரிந்தும் நாங்கள்தான் அவரை விரட்டினோம். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

இப்போது பை கொடுப்பதையும் குறைத்துவிட்டோம். பணத்தை அண்ணாச்சியிடம் கட்டிவிடுகிறோம், அந்தக் குடும்பங்கள் மற்றவர்களோடு ஒன்றாக நின்று தங்களுக்கு வேண்டியதை வாங்கிக்கொள்கின்றன. என்ன வாங்கினார்கள் என்று நாங்கள் கேட்பதில்லை. உங்கள் பக்கத்துக் கடைக்காரரிடம் முதலில் பேசிப் பாருங்கள், அவர் சம்மதித்தால் ஐந்து வீடு சேர்ந்தாலே போதும், அடுத்த மாதம் 1ஆம் தேதியே ஆரம்பித்துவிடலாம்.