பார்ட்டியில் குடிக்காமல் நழுவியதால் பெரிய ஆபத்திலிருந்து தப்பியவர் வரலாற்றில் யாராவது உண்டா?

கேள்வியைப் பார்த்தாலே தெரிகிறது, "ஒரே ஒரு ரவுண்டு" என்று உங்களையும் எவனோ பிடித்து உட்கார வைத்திருக்கிறான். சரி, ஆள் உண்டு. ஃபிரான்சிஸ் மரியன்.

அமெரிக்காவில் தெற்கு கரோலினாக்காரர். அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷாரை எதிர்த்த படையில் அதிகாரி. சான்டீ ஆற்றங்கரையில் பாண்ட் பிளஃப் என்ற தோட்டம் வைத்திருந்தார். அடிமைகளை வைத்துப் பயிர் செய்தவர்தான். அவரை நான் மகாத்மா என்று சொல்லவில்லை. 1780 மார்ச்சில் சார்ல்ஸ்டன் நகரத்து டிராட் தெருவில் ஒரு விருந்து. குடித்து முடிக்காமல் யாரும் போகக்கூடாது என்று வீட்டுக்காரர் கதவைப் பூட்டிவிட்டாராம். மரியன் மாடி ஜன்னல் வழியாகக் குதித்துக் கணுக்காலை முறித்துக்கொண்டார். (ஜன்னல் வழிவழியாக வரும் கதை. கால் முறிந்தது நிஜம். ஆதாரம் கேட்டுக் கிளம்பிவிடாதீர்கள்.) பிரிட்டிஷ் படை நகரத்தை முற்றுகையிட வந்த நேரம், உள்ளே நொண்டிக்கொண்டு எதற்கு என்று அவரை ஊருக்கு அனுப்பினார்கள். மே 12-ல் நகரம் பிரிட்டிஷாரிடம் சரணடைந்து, 5,000 பேருக்கு மேல் கைதானபோது இவர் வெளியே இருந்தார். அப்புறம் ஊர்ப்படையைச் சேர்த்துக்கொண்டு சதுப்புக்காட்டுக்குள் ஒளிந்து ஒளிந்து அடித்தார். நவம்பரில் டார்லட்டன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி சுமார் 7 மணி நேரம் துரத்தியும் சிக்கவில்லை. 'சதுப்புநில நரி' என்ற பட்டப்பெயர் அந்தத் துரத்தலோடு ஒட்டியதுதான். பிறகு மாநில செனட்டிலும் இருந்தார். 1795-ல் அதே தோட்டத்தில் இறந்தார்.

இனி என் கதை. போன வருடம் ப்ராஜெக்ட் முடிந்த சந்தோஷத்தில் ஈசிஆர் பக்கம் ஒரு ரிசார்ட்டுக்குக் கூட்டிப்போனார்கள். மேனேஜர் பீர் கிளாஸை என் கையில் திணித்து, "இன்னும் பால்புட்டியா?" என்றார். பதினோரு பேரும் சிரித்தார்கள். எங்களுக்கு மாடி ஜன்னல் எல்லாம் இல்லை, தரைத்தளம். வீட்டிலிருந்து போன் வந்ததுபோல் செல்லைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். வேன் கிளம்பிய பன்னிரண்டரை மணி வரை நீச்சல்குளத்து ஓரம் கொசுக்கடி. கால் மட்டும் உடையவில்லை.

மதுவிலக்குப் பிரசாரம் என்று யாரும் கமென்டில் வரவேண்டாம். குடிப்பவர் குடிக்கட்டும், எனக்கென்ன? என் வயிற்றெரிச்சல் வேறு. மறுநாள் குரூப்பில் பில் வந்தது. மொத்தத்தையும் சமமாகப் பிரித்து, தலைக்கு 2,340 ரூபாய். நான் சாப்பிட்டது இரண்டு லைம் சோடா, அரை பிளேட் கோபி 65. கேட்டேன். "இதுக்கெல்லாமா கணக்கு பாக்குறது?" என்றார், ஜிஎஸ்டி வரை கணக்குப் பார்த்து அனுப்பிய அதே ஆள்.