ஹாபிட் புக்குல டாரியல் இல்லைனு பையன் மூடி வச்சுட்டானா?

அண்ணா, நானும் கொழிஞ்சாம்பாறை பக்கம்தானுங்க. ஹாபிட் படம் மூணையும் பாத்துட்டு நாவலை எடுத்த பையன் டாரியல் எங்க, லெகோலஸ் எங்கனு கேட்டுப் பாதியில மூடிட்டான்னு போட்டிருந்தீங்க. ரெண்டு பேருமே அந்த நாவல்ல கிடையாதுங்க. டாரியல் படத்துக்குனே உண்டாக்கின ஆளு, லெகோலஸ் இந்த நாவலை எழுதின டோல்கீனோட அடுத்த கதையில வர்றவரு, இதை இப்பவே சொல்லிடுங்க இல்லாட்டி கடைசிப் பக்கம் வரைக்கும் தேடுவான். 1937ல வந்த ஒத்தைப் புக்கு, மொத்தமே 19 அத்தியாயம், அதை 2012லருந்து 2014 வரைக்கும் மூணு படமா இழுத்தா நடுவுல எதையாவது போட்டுத்தானே ஆகணும். கடைசிப் படம் பூரா சண்டை, புக்குல கதாநாயகன் பில்போ தலையில கல்லு பட்டு மயங்கிருவான், முழிக்கறப்ப போரே முடிஞ்சிருக்கும் (எனக்கு இதுதான் பிடிச்சுதுங்க).

அஞ்சாவது அத்தியாயத்தை மட்டும் நீங்களே வாசிச்சுக் காட்டுங்க. இருட்டுக் குகையில கொல்லம்ங்கற பிராணியும் பில்போவும் மாத்தி மாத்தி விடுகதை போடுவாங்க, பில்போ தோத்தா கொல்லம் அவனைத் தின்னுரும், நீங்க விடையை விரலால மறைச்சுக்கிட்டு பையனையே சொல்லச் சொல்லுங்க. அப்புறம் ஸ்மாக்ங்கற டிராகனைக் கொல்ற அம்பு, படத்துல பெரிய இரும்புக் கம்பியாட்ட இருக்குமே, புக்குல சாதா வில்லுல விடறதுதான், எங்க அடிக்கணும்னு ஒரு குருவி அம்பு விடறவன் தோள்ல உக்காந்து சொல்லும். நடுவுல நீளமா பாட்டு வந்தா தாண்டிருங்க, கதை ஒண்ணும் கெடாது.