நிதி பற்றிய உரையைக் கேட்பவர்கள் கவனம் சிதறாமல் கேட்க என்ன செய்யலாம்?

காலாண்டுக் கணக்கை விளக்கும்போது பாதியிலேயே எல்லோரும் கைபேசியைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்தக் கணக்கு அட்டவணையைத் திரையிலிருந்து எடுத்துவிடுங்கள். நாற்பது எண்களைக் காட்டினால் அவற்றைப் படிப்பார்கள். உங்களைக் கேட்க மாட்டார்கள். அட்டவணையை அச்சிட்டுக் கையில் கொடுங்கள். திரையில் ஒரே ஓர் எண் போதும்.

அந்த எண்ணுக்கு உயிர் கொடுப்பதுதான் உண்மையான வேலை. ‘ஆண்டுக்கு 6 சதவீத வளர்ச்சி’ என்பது மனத்தில் தங்காது. 72-ஐ வளர்ச்சிச் சதவீதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாக ஆகும் ஆண்டுகள் தோராயமாகக் கிடைக்கும். எனவே 72-ஐ 6-ஆல் வகுத்து, ‘பணம் சுமார் 12 ஆண்டுகளில் இரட்டிப்பாகும்’ என்று சொல்லுங்கள், தலைகள் நிமிரும். அதைவிட வலுவானது ஒரு கேள்வி: 50 சதவீதம் சரிந்த முதலீடு பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு உயர வேண்டும்? விடை 100 சதவீதம். ஆனால் அதை உடனே சொல்லிவிடாதீர்கள். சில நொடிகள் பேசாமல் நின்று, அவர்களையே கணக்குப் போட விடுங்கள். அந்த மௌனம் எந்தப் படத்தையும்விட நன்றாக வேலை செய்யும்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: துல்லியம். வட்டி 4 சதவீதத்திலிருந்து 5 ஆனால் அது 1 சதவீதப் புள்ளி உயர்வு. ஒப்பீட்டளவில் 25 சதவீத உயர்வு. எதைக் குறிப்பிடுகிறீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். பட்டை வரைபடத்தின் அச்சும் பூஜ்ஜியத்தில் தொடங்கட்டும். இல்லாவிட்டால் சிறு ஏற்றமும் மலையாகத் தெரியும்.