திருடப்பட்டவளா, கிளம்பிப் போனவளா?

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் இந்தோனேசியாவின் லொம்போக் தீவுக்குப் போயிருந்தோம். சாடே கிராமத்தில் வழிகாட்டி, "எங்கள் சாசாக் மக்களிடம் பெண்ணைத் திருடித்தான் கல்யாணம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இது கடத்தல்தானே? இல்லை, நம் சங்கப் பாடல்களில் காதலர்கள் சேர்ந்து கிளம்பிப் போகிற உடன்போக்கு மாதிரியா?

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள சகோதரிக்கு,

சிரிப்பு வராதது நியாயம்தான். ஆனால் வழிகாட்டி சொன்னது பாதிக் கதை.

'மெராரிக்' என்ற அந்த வழக்கப்படி, இருவரும் முன்பே பேசிவைத்துக்கொண்டு, இருட்டிய பிறகு பெண் வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். பகலில் கூட்டிப் போகக் கூடாது. அவளைக் கொண்டுபோய் வைப்பது காதலன் வீட்டில் அல்ல, அவனுடைய உறவினர் வீட்டில். உடன்போக்கில் இருவரும் பாலை வழி கடந்து ஊரை விட்டே போய்விடுவார்கள். இங்கே பெண் கேட்பதே அந்த இரவில்தான் தொடங்குகிறது. நேரே தகப்பனிடம் போய்க் கேட்டால், 'கோழிக்குஞ்சு கேட்கிற மாதிரி என் மகளைக் கேட்கிறாயா' என்று கோபம் வருமாம்.

பிறகு ஊர்த் தலைவர் வழியாகப் பெண் வீட்டுக்குத் தகவல் போகும். சாசாக் மக்கள் முஸ்லிம்கள். தகப்பன் 'வலி'யாக, அதாவது பெண்ணுக்குப் பொறுப்பாளராக இருந்து சம்மதிக்காமல் நிக்காஹ் நடக்காது. அதனால் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குத் தரும் 'பிசுகே' என்னும் பணத்தைப் பேசி முடிக்கும்வரை நாள் இழுக்கும். எல்லாம் முடிந்தபின், பெரிய மேளங்கள் முழங்க மணமக்கள் பெண் வீட்டுக்கு ஊர்வலமாக வருவார்கள். இதற்கு 'ஞோங்கோலான்' என்று பெயர். இரவில் ஒளிந்து போனவள் ஊரே பார்க்கத் திரும்பி வருகிறாள். எனக்கு இந்த வழக்கத்தில் மிகவும் பிடித்த இடம் அது.

என்னை வருத்துவது வேறொன்று. ஒரு ராத்திரி வெளியே தங்கிவிட்ட பெண்ணைத் திரும்ப அழைத்தால் குடும்பத்துக்கு அவமானம் என்ற பயம். அந்தப் பயத்தில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குக்கூடக் கல்யாணம் செய்துவைத்துவிடுகிறார்கள். விருப்பமில்லாமல் இழுத்துப் போகப்பட்டவளுக்கும் அதே கதிதான். மேல்குலத்துப் பெண் சாதாரணக் குடும்பத்து ஆணோடு போனால், அவளைப் பெற்றவர்களே தள்ளிவைப்பதும் உண்டு.

2019இல் பெண்ணின் திருமண வயதை 16இலிருந்து 19ஆக உயர்த்தினார்கள். பண்பாட்டின் பெயரால் நடக்கும் கட்டாய மணமும் குழந்தை மணமும் 2022 சட்டப்படி குற்றம். சிறுவயது ஜோடியைப் பிரித்து வீட்டுக்கு அனுப்பும் 'பெலாஸ்' முறையைக் கையில் எடுத்த ஊர்த் தலைவர்களும் இருக்கிறார்கள். அவமானம் என்ற பேச்சை மீறி அதைச் செய்கிற அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

அந்த வழிகாட்டியோடு இன்னும் தொடர்பு இருந்தால் ஒன்று கேட்டு எழுதுங்கள். ஒளித்துவைத்த வீட்டில், 'நீயாகத்தான் வந்தாயா, அம்மா?' என்று அந்தப் பெண்ணிடம் யார் கேட்கிறார்கள்?