உறைமண்ணில் கிடந்த கட்டையும் உங்கள் மகளின் பி.எஸ்சி.யும்

அன்புள்ள அம்மா,

மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று கேட்ட உங்கள் கடிதம் கிடைத்தது. பிளஸ் டூ முடித்த பெண், நர்சிங் வேண்டாம், பி.காம் வேண்டாம், "கிரீன்லாந்தில் பனி உருகிப் பழைய மரச்சாமான் எல்லாம் அழுகுதாம், அதைத்தான் படிக்கப் போறேன்" என்றால் எந்தத் தாய்க்கும் அடிவயிறு கலங்கத்தான் செய்யும். அவளோடு போனில் முக்கால் மணி நேரம் பேசினேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மண்ணுக்கடியில் கிடைக்கும் பழம்பொருளைக் கெடாமல் காப்பது பற்றிய படிப்பு அது, என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். கல்லூரி, கட்டணம் எல்லாம் அப்புறம்.

உங்கள் ஊரில் வேலிக்கால் எங்கே இற்றுப்போகும்? மண்மட்டத்தில். ஈரமும் காற்றும் சேரும் அந்த ஒரு சாண் இடத்தைத்தான் பூஞ்சை தின்னும். கிணற்றின் அடியில் போட்ட நெல்லிக்கட்டை பல வருஷம் கெடாமல் கிடப்பதும் அதனால்தான். தண்ணீருக்குள் பூஞ்சைக்கு வேண்டிய காற்று கிடையாது.

உறைமண், அதாவது பெர்மாஃப்ராஸ்ட், இதைவிடக் கெட்டியான காவல். இரண்டு ஆண்டுக்குக் குறையாமல் பூஜ்ய டிகிரியிலோ அதற்குக் கீழேயோ கிடக்கும் நிலம் அது. மேற்குக் கிரீன்லாந்தில் இலுலிசாட் ஊருக்குப் பக்கத்தில் கயா என்று ஓர் இடம் (பீகார் கயா இல்லை). ஏறக்குறைய 4000 ஆண்டுகளுக்கு முன் வந்த சக்காக் மக்களும், அவர்களுக்குப் பின் வந்தவர்களும் கொட்டிய சமையல் குப்பை அங்கே மேடாக உறைந்து கிடக்கிறது. அதற்குள் எலும்பும், கருவிகளின் மரக்கைப்பிடியும்கூட அப்படியே இருக்கின்றன. இத்தனைக்கும் அது மரம் வளரும் கரையே இல்லை. சைபீரிய ஆறுகள் அடித்துத் தள்ளி, கடற்பனியோடு மிதந்துவந்து ஒதுங்கிய கட்டையைச் செதுக்கிப் புழங்கியிருக்கிறார்கள்.

இப்போது கோடையில் அந்த மண் முன்பைவிட ஆழமாக உருகுகிறது. உருகியதுமே எல்லாம் போய்விடும் என்றில்லை. உருகிய மண்ணில் நீர் தேங்கியே நின்றால் மரம் மெதுவாகத்தான் கெடும். நீர் வடிந்து காற்று புகுந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். டென்மார்க் தேசிய அருங்காட்சியக ஆய்வாளர்கள் பல ஆண்டு வேலை செய்து கண்டது இது. இன்னொன்றும் சொன்னார்கள். எருக்குழியைக் கிளறினால் ஆவி பறக்கும் இல்லையா? அந்தக் குப்பைமேட்டிலும் மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் அதே மாதிரி சூட்டைக் கிளப்பி, உருகுவதை இன்னும் விரட்டக்கூடும்.

சரி, தோண்டி எடுத்து வெளியே வைத்துவிட்டால் ஆயிற்றா என்றால், அங்கேதான் உங்கள் மகள் மாட்டிக்கொண்டாள். இப்படிக் கெட்ட மரத்தில், நாராக நின்று வலுத்தரும் செல்லுலோஸ் கரைந்துபோய், அந்த நாரை ஒட்டிப் பிடித்திருந்த லிக்னின் கூட்டுக்குள் தண்ணீர்தான் நிற்கும். பார்வைக்கு முழுக்கட்டை, ஊசியால் குத்தினால் வெந்த சர்க்கரைவள்ளியில் இறங்குவதுபோல் இறங்கும். வெயிலில் வைத்தால் சுருங்கி, முறுக்கி, வெடித்துவிடும். அதனால் தண்ணீர் இருந்த இடத்தில் பாலிஎதிலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற பொருளை ஏற்றி, பிறகு உறையவைத்து உலர்த்துவார்கள். (மலச்சிக்கலுக்கு டாக்டர் தரும் பொடியிலும் இதுதான் இருக்கும்!) 1961-இல் கடலடியிலிருந்து தூக்கிய சுவீடனின் வாசா கப்பலுக்கு இந்தக் கரைசலை 17 ஆண்டுகள் தெளித்தார்கள்.

அலாஸ்காவின் நுனல்லெக் என்ற பழைய குடியிருப்பு இடத்தில், மண் உருகுவதோடு கடலும் சேர்ந்து கரையைத் தின்பதால் நேரம் இன்னும் குறைவு. 2009-இல் தொடங்கிய அகழாய்வில் முகமூடி, பொம்மை என்று மரப்பொருள்கள் குவிந்தன. அவற்றை வைக்கப் பக்கத்துக் கிராமத்திலேயே 2018-இல் அருங்காட்சியகம் திறந்தார்கள்.

இப்போது உங்கள் கேள்வி. தொல்லியல் என்ற பெயரைப் பார்த்து இளங்கலையிலேயே அதில் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. பி.எஸ்சி. வேதியியல் எடுக்கட்டும், அலைடாகத் தாவரவியல் தரும் கல்லூரியாகப் பாருங்கள். நம் நாட்டில் இந்த வேலைக்கு இடங்கள் குறைவு, மறைக்கவில்லை. இருக்கும் இடங்களில் வேதியியலுக்குத்தான் மதிப்பு. இந்தியத் தொல்லியல் துறையின் அறிவியல் பிரிவு டேராடூனில் இருக்கிறது. பழம்பொருள் பாதுகாப்புக்கென்றே லக்னோவில் தேசிய ஆய்வகம் இருக்கிறது. மரத்தைப் படிக்கப் பெங்களூரின் மர அறிவியல் நிறுவனம். ஒருவேளை இந்த ஆசை இரண்டு வருஷத்தில் வடிந்துபோனாலும், வேதியியல் பட்டம் கையில் நிற்கும், மருந்துக் கம்பெனிக்கோ பி.எட்.டுக்கோ போகலாம்.

வெளிநாட்டுக்காக வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்காதீர்கள். முதுகலையை இங்கேயே முடிக்கட்டும். டென்மார்க், நார்வேயில் பி.எச்டி. என்பது பெரும்பாலும் சம்பளம் வாங்கும் வேலை. போட்டி கடுமை, ஆனால் கடன் இல்லை. அவள் குளிர் தாங்குவாளா என்ற கவலையை ஐந்து வருஷம் கழித்துப் படலாம்.

அதற்கு முன் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு ஒருநாள் கூட்டிப்போங்கள். வேதியியல் பாதுகாப்புக் கூடம் அங்கே 1930-லிருந்து இருக்கிறது. பார்க்க அனுமதி உண்டா என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். அப்படியே என்னையும் வந்து பாருங்கள். உங்கள் பழைய கிணற்றைத் தூர்வாரியபோது எடுத்த நெல்லிக்கட்டை கொல்லையில் கிடப்பதாகச் சொன்னாள். அதிலிருந்து ஒரு சிராய் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். பிளேடால் மெல்லிசாகச் சீவி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கலாம்.