ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘கிளியோசிஸ்’ என்றால் மூளையில் கட்டியா?

கம்பத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகையில் குமுளி மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்து அம்மாவுக்குத் தலையில் அடி; மாதங்கள் கழித்துக் கோட்டயத்தில் எடுத்த ஸ்கேனில் ‘கிளியோசிஸ்’ என்று வந்திருக்கிறது, இது கட்டியா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லைங்க. கிளையோமா என்ற கட்டி வேறு. இது அடிபட்ட இடத்தின் தழும்பு.

நரம்பு செல்களைப் பராமரிப்பவை கிளியா செல்கள். அடிபட்ட சில நிமிடங்களிலேயே அவற்றில் ஒரு வகையான மைக்ரோகிளியா தன் கிளைகளைக் காயத்தை நோக்கி நீட்டும். சிதைந்த செல்களை விழுங்கத் தொடங்கும். அடுத்தடுத்த நாட்களில் இன்னொரு வகைக் கிளியா செல்களான ஆஸ்ட்ரோசைட்டுகள் பருத்து, ஜிஎஃப்ஏபி என்ற புரதத்தை அதிகம் உண்டாக்கும். காயம் பெரிதென்றால் பெருகவும் செய்து, அதன் ஓரமெங்கும் வரப்பு கட்டியதுபோல் நெருங்கி நிற்கும். அழற்சி நல்ல பகுதிக்குப் பரவாமல் காப்பது இந்த வரப்புதான்.

நரம்பிழை மறுபடி வளரவிடாமல் இந்தத் தழும்பே தடுக்கிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். 2016-இல் வெளியான ஆய்வில், எலிகளின் தண்டுவடத்தில் அது உருவாகாமல் தடுத்தும் இழைகள் வளரவில்லை. அதனால் தழும்பை வில்லனாகப் பார்ப்பது அநியாயம் என்பேன்.

ஒன்று மட்டும் கவனம்: தழும்பைச் சுற்றிய பகுதியிலிருந்து சிலருக்கு வலிப்பு கிளம்பும். அம்மாவுக்கு வெட்டி இழுத்தாலோ, சட்டென்று நினைவு தப்பினாலோ நரம்பியல் மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். வலிப்பு மாத்திரை கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள்.