குழுக் கடனில் ஆடு வாங்கலாமா? சுயஉதவிக் குழுப் பெண்களின் கேள்விகளுக்குப் பதில்

விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் மானாவாரி ஊர்களில் 17 வருஷமாக மகளிர் சுயஉதவிக் குழுக்களோடு வேலை செய்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

அக்கா, நாங்கள் 12 பேர் புதிதாகக் குழு ஆரம்பித்திருக்கிறோம். வங்கிக் கடன் எப்போது கிடைக்கும்?

குறைந்தது ஆறு மாதம் ஒழுங்காக நடத்துங்கள். கடன் வருகிறதோ இல்லையோ, அந்த ஆறு மாதம் உங்களுக்கே தேவை. ஆளுக்கு மாதம் 100 ரூபாய் போட்டால் வருஷத்தில் 14,400 சேரும். சின்னத் தொகைதான். ஆனால் பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் ஒருத்திக்கு 2,000 ரூபாய் அவசரம் என்றால், நூற்றுக்குப் பத்து வட்டிக்காரர் வாசலில் நிற்காமல் குழுவில் நூற்றுக்கு ஒன்றுக்கு வாங்கிக்கொள்ளலாம். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. ஆனாலும் அவசரத்துக்குக் கைமாற்று கிடைக்காத வீட்டில் சட்டம் மட்டும் என்ன செய்யும்?

1989-ல் தர்மபுரியில் இந்தக் குழுக்கள் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை நிலைத்து நிற்பவை எல்லாம் உள்கடனை, அதாவது சேமிப்பிலிருந்து உறுப்பினருக்கே கொடுக்கும் கடனை, ஒழுங்காக நடத்தியவைதான். நான் பார்த்த வரையில் இதற்கு விதிவிலக்கு இல்லை.

எங்கள் வங்கியில் கடன் கொடுத்துவிட்டு, குழுவின் சேமிப்புப் பணத்தை எடுக்க முடியாதபடி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சரியா?

தவறு. 10 லட்சம் வரையான குழுக் கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது, சேமிப்புக் கணக்கைப் பிடித்து வைக்கவும் கூடாது. இது ரிசர்வ் வங்கியின் விதி. தீர்மான நோட்டில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டு, மேலாளரிடம் மனுவாகக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். அசையவில்லை என்றால் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு மூலம் மகளிர் திட்ட அலுவலகத்துக்குப் போங்கள். ஒருத்தி மட்டும் போகாதீர்கள், நாலு பேராகப் போங்கள்.

ஆடு வாங்கலாம் என்கிறார்கள். எந்த ஆடு, எத்தனை?

நம் பக்கத்துக்குக் கன்னியும் கொடியும் போதும். கன்னி, கறுப்பு உடம்பில் முகத்துக்கு இரண்டு பக்கமும் கோடு ஓடும் ஆடு. பெரும்பாலும் இரட்டைக்குட்டி போடும். கொடி உயரமானது, வெயிலில் நெடுந்தூரம் மேயும். வெளியூர் இனத்தை அதிக விலைக்கு வாங்கித் தலையில் கட்ட வருகிறவர்களை நம்பாதீர்கள்.

முதல் வருஷம் ஆளுக்கு இரண்டு பெட்டை போதும். சினைக்காலம் ஐந்து மாதம். வாங்கிய அடுத்த மாதமே தவணை தொடங்கினால் குட்டி பிறக்கும் முன்னே தாயாட்டை விற்க வேண்டி வரும். பல வீடுகளில் ஆட்டுக் கடன் அடைபடாமல் போனதற்கு நோய்கூடக் காரணமில்லை, இந்தத் தவணைக் கணக்குதான். அதனால் கூலி வேலை உள்ள ஒருவராவது வீட்டில் இருக்கிறாரா என்று பார்த்து அப்புறம் கடன் கொடுங்கள்.

மழைக்கு முன்னால் துள்ளுமாரி நோய்க்குத் தடுப்பூசி போடுங்கள். ஆட்டுக்கொல்லி நோய்க்கும் ஊசி உண்டு, கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். ஊரில் எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் போட்டால்தான் பலன். குழுவாகச் சேர்ந்ததன் அருமை அன்றைக்குத் தெரியும்.

வியாபாரி கேட்கிற விலைக்கே கொடுக்க வேண்டியிருக்கிறது அம்மா.

ஒரு சனிக்கிழமை எட்டயபுரம் சந்தைக்கு ஒரு குழுவோடு போனேன். விடியுமுன்னே கூட்டம். துண்டைப் போட்டு அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தார்கள். நம் பெண்களிடம் ஒருவர் வந்து கிடாயின் முதுகைத் தடவி, "பதினஞ்சு கிலோ தேறும்" என்றார். அவர்கள் கையோடு கொண்டுபோன தொங்கு தராசை மரக்கிளையில் மாட்டி, கிடாயைச் சாக்கில் கட்டித் தூக்கினார்கள். முள் பதினெட்டில் நின்றது. சுற்றி நின்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அதற்கு மேல் எடையைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஒரு தராசு வாங்குங்கள், பத்து கிடாயாவது சேர்த்து ஒரே நாளில் விலை பேசுங்கள்.

எங்கள் குழுவில் தலைவிதான் நோட்டு வைத்திருக்கிறார். கேட்டால் கோபப்படுகிறார்.

கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் வரவு செலவைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் தன் கணக்கு காதில் விழ வேண்டும். தலைவி, செயலாளர் பதவியைச் சுழற்சியில் மாற்றுவதற்குத் தீர்மானம் போடுங்கள். தம்பி ஒருவரும் இதையே கேட்டிருந்தார், அவர் அம்மாவுக்காக. அம்மாவையே கூட்டத்தில் கேட்கச் சொல்லுங்கள் தம்பி, நீங்கள் போய்ப் பேசினால் குழு ஆண்கள் கைக்குப் போய்விடும்.

ஆடு வளர்க்கிறவர்கள் நாங்களே சேர்ந்து நடத்துகிற உற்பத்தியாளர் கம்பெனி ஆரம்பிக்கலாமா?

பத்து உற்பத்தியாளர்கள் இருந்தாலே சட்டப்படி பதிவு செய்யலாம். ஆனால் தணிக்கை, கணக்காளர், வருஷா வருஷம் தாக்கல் என்று செலவு ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு வருஷம் சேர்ந்து விற்றுப் பாருங்கள். சந்தைக்குப் போன வண்டி வாடகையைப் பங்கு பிரிப்பதில் சண்டை வரவில்லை என்றால் வாருங்கள், பதிவைப் பற்றிப் பேசலாம்.